கூரைக் கண்ணாடியும் அப்பாவின் தூக்கமும்

நந்திதுர்க் தங்கச் சுரங்க லைன் வீடுகள்,
ஏப்ரல் 1967.

மரியாதைக்குரிய மாமா கோதண்டராமன் அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் வேணுகோபால் வணக்கத்துடன் எழுதுவது.

என் அப்பாவின் தூக்கத்தைத் திருடியது நீங்கள்தான். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நலம் விசாரித்துக்கொண்டே போனால் கோபம் ஆறிவிடும். இங்கே அம்மா நலம், தங்கை பத்மா நலம், நான் வழக்கம்போல் வேலையில்லாமல் நலம். அப்பா மட்டும் நலமில்லை. அங்கே அத்தை நலமா?

பொங்கலுக்கு வந்தபோது எங்கள் வீட்டை நீங்கள் டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தீர்கள். பெங்களூர் ஆராய்ச்சிக் கூடத்தில் பொறியாளர்கள் எழுதுவதை டைப் அடித்து அடித்து அவர்களுடைய வியாதி உங்களுக்கும் தொற்றியிருக்கிறது. "இன்னாக்கா இது, பட்டப்பகல்ல பல்பு எரியுது? கரன்ட்டு வீணாவுதே! இனிமே கட்டடத்துக்கு வெளிச்சம், சூடு, குளிர்ச்சி எல்லாம் வானத்துல இருந்துதான் எடுக்கப்போறாங்க" என்றீர்கள். சன்னலே இல்லாத தகரக் கூரை வீட்டில் பகலில் பல்பு எரியாமல் வேறு எது எரியும் என்று நான் கேட்டது உங்கள் காதில் விழவில்லை. அடுத்த மாதமே ஒரு பெரிய கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, பங்காருபேட்டையில் வண்டி மாறி, பச்சைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தீர்கள். கூரையின் நடுவில் தகரத்தை வெட்டிக் கண்ணாடியைப் பதித்துச் சுற்றிலும் தார் பூசினீர்கள். மிச்சக் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தீர்கள், வெயிலைத் திருப்பி அனுப்புமாம். அதன்மேல் கறுப்புப் பெயின்ட் அடித்த ஒரு டிரம், விறகில்லாமல் வெந்நீர் போடுமாம். அம்மா உங்களுக்குக் கோழி அடித்துப் போட்டாள். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டீர்கள். அதற்கப்புறம் நடந்ததைக் கேளுங்கள்.

சுண்ணாம்பைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். வீடு கொஞ்சம் குளிர்ந்திருப்பது உண்மை. ஆனால் பக்கத்து வீட்டு ஏனோக் அண்ணன் தினமும் கூரையைப் பார்த்து, "இன்னா ராஜப்பா, தங்கம் எடுத்துட்டுக் கொட்டுன சயனைட் மேட்டு வெள்ளை மண்ணை எல்லாம் உன் வூட்டு மேல கொட்டிட்டாங்களா?" என்று அப்பாவைக் கேட்டு இந்த வீட்டு வரிசை முழுவதையும் சிரிக்கவைக்கிறார். அது போகட்டும். டிரம்மைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் சங்கு ஊதியபின் தலை முதல் கால் வரை சேறும் தூசியுமாக வந்து வெந்நீர் கேட்டால், ராத்திரியெல்லாம் பனியில் நின்ற டிரம் ஐஸ் தண்ணீரைக் கொடுக்கிறது. உங்கள் சூரியனுக்கு டே ஷிப்ட் மட்டும்தான் போலிருக்கிறது. மத்தியானம் ரெண்டு மணிக்கு அதே டிரம் கொதிக்கிறது. "என் தம்பி ஆசையா வச்சிட்டுப் போனது, வீணாக்கக் கூடாது" என்று அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்து ஊற்றுகிறாள். ஏப்ரல் மாதம், மத்தியானம், கொதிக்கும் வெந்நீர்! வேலையில்லாதவனுக்கு இந்த நாட்டில் என்ன தண்டனை என்று யாராவது கேட்டால் என் முதுகைக் காட்டுவேன்.

கண்ணாடிதான் பெரிய கொடுமை. ஊரில் எல்லாரும் ராத்திரி தூங்குகிறவர்கள் என்று உங்கள் பொறியாளர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எங்கள் வரிசையில் பாதிப்பேருக்குப் பகல்தான் ராத்திரி. அப்பா பாயை விரித்துப் படுத்தால் வெயில் நேராக முகத்தில் இறங்குகிறது. அவர் புரண்டால் அதுவும் புரள்கிறது. பாயை இந்தப் பக்கம் இழுத்தால் கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் வருகிறது. இதற்கு நடுவில் பத்மா ரவிக்கை தைக்கிறாள். வெயில் எங்கே விழுகிறதோ அங்கே தையல் மிஷினை இழுத்துக்கொண்டு போகிறாள். அப்பா வெளிச்சத்துக்குப் பயந்து ஓடுகிறார், இவள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாள். ஒரே அறைக்குள் ரெண்டு பேரும் சுற்றுவதைப் பார்த்து, "செக்குல ஒரு மாடுதான் கட்டுவாங்க, என் வூட்ல ரெண்டு" என்கிறாள் அம்மா. நான் கூரைமேல் கோணி போட்டேன். காற்று அதை ஏனோக் அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனது. அப்பா சுரங்கத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் பார்த்தார். மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தார்.

இதுவரைக்கும் சிரிப்புதான். போன வாரம் நடந்தது சிரிப்பில்லை. ஆட்களைச் சுரங்கக் குழியான ஷாஃப்டில் இறக்கும் கேஜ் கூண்டின் மூலையில் சாய்ந்த அப்பா அப்படியே கண் அசந்துவிட்டார். அவர் வேலை செய்யும் ஆழத்து லெவலில் எல்லாரும் இறங்கினார்கள், அவர் இறங்கவில்லை. ஷிப்ட் முடிந்தவர்கள் ஏறினார்கள், கேஜ் மேலே வந்தது. அவர்களோடு சேர்ந்து இவரும் வெளியே நடந்தார். மேஸ்திரி பிடித்துக்கொண்டு, "ராஜப்பா, நீ வேலைக்கு வர்றியா, வேலை முடிஞ்சி போறியா?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்கே தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அடியில் பாறை சரியாமல் மர முட்டுக் கொடுப்பவர். கேஜில் அசந்த கண் அங்கே அசந்தால் அவரோடு போகாது, கூட நிற்கிறவர்களையும் கொண்டுபோகும். இன்னொரு தடவை இப்படிப் பார்த்தால் மேலே கூலி வேலைக்குத் தள்ளிவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னதற்கு அவரை நான் திட்டமாட்டேன்.

ஆகையால் மாமா, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் நீங்களே வந்து, உங்கள் கையாலேயே அந்த ஓட்டையை அடைத்துவிட்டுப் போகவேண்டும். இந்தத் தடவை கோழி கிடையாது.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தம், உங்கள் டைப்ரைட்டருக்கு என் கண்டனம்.

இப்படிக்கு,
வேணுகோபால்

பி.கு.: எழுதி நாலு நாளாகியும் கவரை ஒட்டவில்லை. உங்களுக்காக ஏன் காத்திருக்கவேண்டும் என்று மறுநாளே நான் ஒரு தகரத்தையும் தார் டப்பாவையும் தூக்கிக்கொண்டு கூரைமேல் ஏறினேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் அப்பா மல்லாந்து படுத்திருக்கிறார், கண் திறந்திருக்கிறது. வெயிலுக்குள் கையை நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நிழல் விழுந்ததும், "எவன்டா அவன், நகரு!" என்று கத்தினார்.

"நான்தாம்பா. மூடப்போறேன், நீ தூங்கு."

"கீழ போனா இருட்டு. மேல வந்தா, தூங்குன்னு சொல்லி நீங்க இருட்டு பண்றீங்க. நான் இன்னா வௌவாலா? எறங்குடா கீழ!"

இறங்கிவிட்டேன். ஏனோக் அண்ணனுக்கு மத்தியானம்வரை டே ஷிப்ட். அதுவரை அவர் வீடு காலியாக, நல்ல இருட்டாகக் கிடக்கிறது. இப்போது அப்பா மத்தியானம்வரை அங்கே தூங்குகிறார், நன்றாகத் தூங்குகிறார். அப்புறம் வந்து எங்கள் கண்ணாடிக்கு அடியில் படுத்துக்கொள்கிறார். அதனால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். கோழியும் உண்டு. ஆனால் இன்னொரு கண்ணாடி கொண்டுவாருங்கள். "உங்கப்பன் மட்டும்தான் சூரியனைப் பார்க்கணுமா? எனக்கும் ஒண்ணு சொல்லு வேணு" என்கிறார் ஏனோக் அண்ணன். அவர் கூரையிலும் ஓட்டை போட்டால் அப்பா எங்கே தூங்குவார் என்று எனக்குத் தெரியாது. அதற்கடுத்த வீட்டுக்காரரும் நேற்றுக் கூரையை அளந்துகொண்டிருந்தார்.

இன்னொன்றும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். இவ்வளவு நீளத்துக்கு வரிசையாக வீடு கட்டினவர்களில் ஒருத்தருக்குக்கூட சுவரில் ஒரு சன்னல் வைக்கத் தோன்றவில்லையே, ஏன்? பொங்கலன்றே கேட்டேன், நீங்கள் கூரையை அளந்துகொண்டிருந்தீர்கள். உங்கள் பொறியாளர்களைக் கேட்டு, பதிலைப் பிழையில்லாமல் டைப் அடித்து எடுத்துவாருங்கள்.