தேய்மானக் கணக்கு

"தேஞ்சு போச்சு சார்," என்றார் சைக்கிள் கடைக்காரர்.

"எது?"

"செயின்தான். பாருங்க." சங்கிலிக் கண்ணிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு இரும்பு அளவுகோலைச் செருகினார். அது தடையே இல்லாமல் உள்ளே இறங்கியது. "நல்ல செயின்னா இது இறங்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கு. பின்னாடி பல்சக்கரமும் போச்சு. ரெண்டையும் சேத்து மாத்திடலாம்."

தணிக்கையாளருக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரார் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதே அவருடைய பிழைப்பு. அவரிடமேவா?

"யாரைப் பாத்து என்ன சொல்றீங்க? நான் இதை ஓட்டுறதே இல்லைங்க!"

கத்திவிட்டு, சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, தெரிந்த முகம் எதுவும் இல்லை. அலுவலகத்தில் அவர் சொல்லி வைத்திருக்கும் கதையே வேறு. 'தினமும் மலை உச்சி வரைக்கும் மிதிச்சுட்டுதான் வேலைக்கு வர்றேன்.' அதை அப்படியே நம்பிய மேலாளர், வருகிற ஞாயிற்றுக்கிழமை அலுவலகமே சேர்ந்து போகும் மலைப் பயணத்துக்கு அவரையே தலைவராகப் போட்டுவிட்டார். உண்மையில் அவர் போவது ஞாயிறு தோறும் தெருமுனை வரை. தூறல் விழுந்தால் அதுவும் கிடையாது. அந்தத் தெருமுனைக்கே சங்கிலி பல் தாண்டுகிறது. மலையில் தாண்டினால் மானம் கப்பலேறிவிடும்.

"வண்டியே மட்டம்," என்றார். "சீட்டு தானா இறங்குது. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஏத்தி வைக்கறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்தா மறுபடி இறங்கிக் கிடக்கு."

கடைக்காரர் இருக்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தார். "கெட்டியா இருக்கே சார்?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்? செயின் மட்டும் குடுங்க. நானே மாட்டிக்கறேன்."

"எத்தனை ஸ்பீடு? பின்னாடி பல்சக்கரம் ஒன்பதா, பத்தா?"

"குறைஞ்சதா பாத்து என் தலையில கட்டாதீங்க. இருக்கறதுலயே பெரிசு எது?"

"பன்னெண்டு இருக்கு. ஆனா அது ஒல்லி செயின், உங்க வண்டிக்கு..."

"அதையே குடுங்க!"

வீட்டில், மாடிப்படிக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வேலையை ஆரம்பித்தார். முழங்கை வரை கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கு. சங்கிலியோ பல்லில் உட்காராமல் அடம் பிடித்தது. பெடலை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். நடுவில் சிக்கி, முன்னாலும் வராமல் பின்னாலும் போகாமல் நின்றுவிட்டது.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இவ்வளவு ஒல்லியா இருக்கு? நம்மளுது ஒன்பதாச்சே."

"உனக்கென்ன தெரியும் இதைப் பத்தி?"

அவள் உள்ளே போனதும் ரகசியமாகப் பல்சக்கரங்களை எண்ணினார். ஒன்பது. இன்னும் எரிச்சலாக வந்தது.

மறுநாள் ஒன்பது ஸ்பீடு சங்கிலி வந்தது. "பழைய பல்சக்கரத்துல புது செயின் நிக்காது சார், தாண்டும்," என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். வியாபாரத் தந்திரம் என்று இவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மாட்டினார். தெருவில் இறங்கி, எழுந்து நின்று ஒரு அழுத்து அழுத்தினார். கடக்! கால் நழுவிப் பெடல் முழங்காலுக்குக் கீழே பதம் பார்த்தது. வலியில் இன்னொரு அழுத்து. கடகடவென்று பல் தாண்டி, வண்டியும் அவருமாக எதிர்வீட்டுப் பூந்தொட்டிகளின் மேல் போய் விழுந்தார்கள்.

"தினம் மலைக்கே போறவர்னு சொன்னாங்க!" என்றார் எதிர்வீட்டுக்காரர், உடைந்த தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு.

நொண்டிக்கொண்டே வேறொரு கடைக்குப் போனார், பழைய சங்கிலியைப் பையில் போட்டுக்கொண்டு. அங்கேயும் அதே அளவுகோல், அதே பேச்சு. "நல்லா ஓட்டியிருக்கீங்க சார்," என்று பாராட்டு வேறு. ரெண்டு கடையும் கூட்டுக் களவாணிகள் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை மனைவியைக் கூப்பிட்டார். "கிளம்பு. கடைக்காரன் முன்னாடி நீ சாட்சி சொல்லணும்."

"நானா?" அவள் முகம் ஒரு மாதிரியாகியது. "எதுக்குங்க வம்பு? பேசாம பல்சக்கரத்தையும் மாத்திடுங்களேன். வண்டிக்கும் நல்லதுதானே."

"அநியாயத்துக்குப் பணிஞ்சு போகச் சொல்றியா? இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!"

கடையில் வண்டியைத் தடாலென்று நிறுத்தினார். அன்று தெரிந்தவர்கள் யார் இருந்தாலும் கவலையில்லை என்கிற அளவுக்குக் கொதித்துக்கொண்டிருந்தார்.

"இவ என் பொண்டாட்டி. பொய் பேசமாட்டா. நீயே சொல்லும்மா, இந்த சைக்கிளை நான் எவ்வளவு ஓட்டியிருப்பேன்?"

மனைவி புடவைத் தலைப்பைத் திருகினாள். "இவர் ஓட்டறதே இல்லைங்க அண்ணே. வாரத்துல ஒரு தடவை தெருமுனைக்கு. அவ்வளவுதான். சத்தியமா."

"கேட்டீங்களா?" தணிக்கையாளர் மேஜையைத் தட்டினார். "என்னை ஏமாத்தப் பாத்தீங்களே!"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அப்போ இந்த செயின் எப்படிம்மா தேஞ்சுது?"

"அதைத்தான்யா நானும் கேக்கறேன்! ராத்திரி எலி வந்து ஓட்டுதா? நான் எட்டு மணிக்கு எழுந்திருக்கறவன். இவளாவது விடியக்காலையில நடந்துட்டு வருவா, நான் அதுக்கும் போறதில்லை. அப்புறம் யாருய்யா ஓட்டினது?"

மனைவி சுவரில் தொங்கிய டயர்களை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது தலைக்கவசம் மாட்டிய ஓர் இளம்பெண் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தாள். மனைவியைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. பிறகு வண்டியைப் பார்த்தாள். கடைசியாகத் தணிக்கையாளரை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தாள்.

"அட அக்கா, ஒரு வாரமா மலைப்பக்கமே காணோமேன்னு எல்லாரும் தேடறோம்... வாராவாரம் யாரோ உங்க சைக்கிளை எடுத்து சீட்டை ஏத்தி வெச்சுடறாங்கன்னு புலம்புவீங்களே, அது இவர்தானா?"