நாப்பது நிமிஷம் வாயத் திறக்காத தம்பி

அப்படி ஒரு வேலையே கிடையாதுன்னா எப்படிடி? என் தம்பிக்கு அதுக்குத்தான் சம்பளம். புது மெஷினை ஒரு ஆள் முன்னால வெச்சு, அந்த ஆள் எங்கெங்க முழிக்குதுன்னு எழுதணும். ரொம்ப முழிச்சா மெஷின் ஃபெயில். என் டிவி ரிமோட்டைக் குடுத்திருந்தா அன்னிக்கே ஃபெயில் போட்டிருப்பான். ரெண்டு பட்டனைத் தவிர மத்ததுக்கெல்லாம் பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கேன். சரி, அது கிடக்கட்டும்.

புதுசா ஒரு வாஷிங் மெஷின் வந்துச்சாம். "இந்தப் பட்டனெல்லாம் ஒருத்தருக்கும் புரியாது, நான் வேற டிசைன் வரைஞ்சு வெச்சிருக்கேன்"ன்னு மேனேஜர்கிட்ட இவன் சண்டை. "நிரூபிச்சுக் காட்டு, உன் டிசைனையே எடுத்துக்கறோம்"னுட்டார். பதவி உயர்வே அதுலதான் தொங்குது. திணறுறதுக்கு ஒரு ஆள் வேணும். யாரைப் புடிச்சான்? கட்டின பொண்டாட்டியை!

மெஷினை வீட்டுக்கே கொண்டாந்து, கேமராவை வெச்சு, நோட்டோட உக்காந்தான்.

"மனசுல என்ன தோணுதோ, வாய்விட்டுச் சொல்லிட்டே இருக்கணும்."

"என்ன தோணினாலுமா?"

"என்ன தோணினாலும்."

"நடுவுல நீங்க பேசுவீங்களா?"

"மூச்! பேசினா டெஸ்ட்டே செல்லாது. எழுத மட்டும்தான் செய்வேன்."

"முடிஞ்சுதுன்னு யார் சொல்லணும்?"

"நீதான்."

அவ ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவனோட அழுக்குச் சட்டையைக் கையில எடுத்துக்கிட்டா.

"இந்தக் காலரைப் பாக்கிறேன். இருபது வருஷமா தேய்க்கிறேனே, ஒருநாளாவது கை வலிக்குதான்னு கேட்டாரான்னு தோணுது."

தம்பி வாயைத் திறந்தான். கேமராவுல சிவப்பு லைட்டு. மூடிக்கிட்டான்.

"எங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப, 'மீட்டிங் முடிச்சிட்டு வரேன்'னார். அந்த மீட்டிங் இன்னும் முடியலையோன்னு தோணுது."

நாப்பது நிமிஷம்! ஒண்ணு விடாம எழுதினான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போய்ப் பாத்திருப்பேனேக்கா"ன்னு என்கிட்ட வந்து அழுதான். அவ சொல்லாமலா இருந்திருப்பா? இவன் காதுல ஏறலை. இப்ப மன்னிப்புக் கேக்கலாம்னா அந்த அம்மாவும் இல்லை.

கடைசில "முடிஞ்சுது"ன்னு எழுந்தா. 'நாப்பது நிமிஷம், படுதோல்வி'ன்னு எழுதி அனுப்பிட்டான் இவன். மேனேஜர் வீடியோவைப் போட்டுப் பாத்தா, காலரைப் பத்திப் பேசுறப்பவே அவ சரியான பட்டனை அழுத்தியாச்சு! மெஷின் அது பாட்டுக்குத் துவைச்சு முடிச்சிடுச்சு. சத்தம் கேக்கலையான்னா கேக்கிற? தலையில இடி விழுந்தவனுக்கு எந்த மெஷின் சத்தம்டி கேக்கும்?

மெஷின் பாஸ். பதவி உயர்வு போச்சு. அதோட விட்டாளா? "துவைச்சே பழக்கமில்லாத ஒரு ஆளை வெச்சும் பாருங்க"ன்னு கேமராவைப் பாத்து கடைசியா சொல்லியிருக்கா. மேனேஜர் அதை உத்தரவாவே போட்டுட்டார். ஆறு மாசம், தினமும். எந்த ஆளுன்னா கேக்கிற? என் வீட்டுத் துணியும் இப்ப அந்த ஆள் கணக்குலதான்.

டேய் தம்பி! தூறல் போடுது பாரு, கொடியில கிடக்கிற துணியையெல்லாம் உள்ள எடுத்துட்டு வா!