மீதி பூஜ்ஜியம்

அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு வேலைதான். கூடத்துச் சுவர் நெடுக எழுதியிருந்த ஒரு மாபெரும் எண், இன்னும் பகா எண்ணாகவே இருக்கிறதா என்று வருடா வருடம் பரிசோதிப்பது. அதாவது, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடக் கூடாது. போன வருடம் வகுபடாத எண் இந்த வருடமும் ஒழுங்காக இருக்கும் என்று நிர்வாகம் எதை வைத்து நம்புவது?

மேஜைக்கு ஓர் எண் என்று வகுக்கக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலோர மேஜைக்குப் பதினேழு. அங்கே இருந்தவளை எல்லோரும் 'டெம்பரவரி' என்றே கூப்பிட்டார்கள். மகளுக்குக் கல்யாண வயது வந்துவிட்டது, அம்மாவுக்கு வேலை நிரந்தரமாகவில்லை.

அந்த வருடம் மேலிடத்தில் 'மீதியில்லா நிர்வாகம்' என்றொரு மோகம் பிறந்தது. மேஜையில் எதையும் மீதி வைக்காதவர்களுக்குப் பதவி உயர்வு, தற்காலிகமானவர்களுக்கு நிரந்தரம்.

கண்காணிப்பாளர் அவளை அழைத்தார்.

"என்னம்மா, அஞ்சு மீதி வச்சிருக்கீங்க?"

"வகுத்தா அதுதான் சார் வருது."

"ரெண்டாம் நம்பர் மேஜையைப் பாருங்க. மீதி பூஜ்ஜியம்!"

சுவரிலிருந்த எண் ஏழில் முடிந்தது. அதை இரண்டால் மிச்சமில்லாமல் வகுத்தவர் அடக்கமாகத் தலைகுனிந்து நின்றார்.

"சார், மீதி வரலைன்னா அது பகா எண்ணே இல்லைன்னு ஆயிடுமே?"

"அது அந்த எண்ணோட கவலை. நீங்க உங்க கவலையைப் பாருங்க."

வீட்டில் சொன்னபோது கணவனுக்கு எரிச்சல் வந்தது. "அந்த எண்ணு உனக்கு மாமனா, மச்சானா? அதுக்கு ஏன் நீ பரிஞ்சு பேசுற?"

மறுநாள் அவளும் பூஜ்ஜியம் போட்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. நிரந்தர உத்தரவு கைக்கு வந்ததும் அந்த வெட்கம் எங்கேயோ போய்விட்டது.

இந்தச் சாதனையைப் பார்வையிட மேலதிகாரி வந்தார்.

"எல்லா மேஜையிலும் மீதி பூஜ்ஜியமா?"

"எல்லா மேஜையிலும் சார்!" கண்காணிப்பாளரின் நெஞ்சு நிமிர்ந்தது.

"எந்த எண்ணைக் கொடுத்தாலும் வகுபடுதா?"

"நீங்க ஒண்ணு சொல்லிப் பாருங்க சார், வகுத்துக் காட்டுறோம்."

மேலதிகாரி சுவரைச் சற்று நேரம் பார்த்தார். "எதைக் கொடுத்தாலும் வகுபடுற எண் ஒண்ணுதான் இருக்கு. பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தைக் காவல் காக்க ஒரு அலுவலகம் எதுக்கு? மூடிடுங்க."

ஜன்னலோர மேஜையிலிருந்து அவள் எழுந்தாள்.

"சார், என்னோட நிரந்தரம்?"

"அதுல ஒரு மாத்தமும் இல்லம்மா. இந்த அலுவலகத்துல நீங்க நிரந்தரம்தான்."

மேலதிகாரி திருப்தியாகக் காரில் ஏறினார். தான் மேற்பார்வை பார்க்க இந்த ஓர் அலுவலகம்தான் இருந்தது என்பது அவருக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

சாயங்காலம் கதவைப் பூட்டும்போது காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். மீதி யாரும் இல்லை.