மிளகாய் அரைத்த நேரத்தில் ஒரு இன்டர்வியூ

இன்டர்வியூ முடிந்து அழுதுகொண்டே வெளியே வந்தவர்கள் நாட்டில் நிறையப் பேர் உண்டு. முதல் கேள்விக்கே அழ ஆரம்பித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

2010. சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படித்து முடித்துவிட்டு, மேல்பட்டாம்பாக்கத்தில் அப்பாவின் மாவு மில்லில் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். கூடப் படித்தவர்கள் சென்னையில் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு அலைந்தார்கள். என் கழுத்தில் வியர்வையும் அரிசி மாவும். (கழுவினால் போகாது, களியாகும்.) வெளியூர் வேலைக்கு அம்மா விடமாட்டாள்.

"சொந்தமா மில்லு கெடக்குது, அத வுட்டுட்டு எவன்கிட்டயோ போயி கைகட்டி நிப்பியா?" என்பாள்.

நான் ஒரே பெண். காலம் முழுக்க இந்தக் கல்லாதானா?

அப்போதுதான் வீட்டிலிருந்தே நெட்டில் செய்கிற ஒரு வேலை கண்ணில் பட்டது. சென்னைக் கம்பெனி. டைப்பிங் டெஸ்டில் தேறிவிட்டேன். மிச்சம் வெப்கேமில் ஒரு இன்டர்வியூ. அப்பாவே கடலூர் போய் வெப்கேம் வாங்கிவந்தார். எங்களுக்கிருந்த ஒரே போன் இணைப்பு மில்லில்தான். அதனால் பிராட்பேண்டும் மில்லில், கம்ப்யூட்டரும் மில்லில், மூட்டைகளுக்கு நடுவே.

பத்து மணிக்கு இன்டர்வியூ. தினமும் பன்னிரண்டுக்குக் கரண்ட் போய்விடும். அப்பா விடிவதற்குள் அரிசியெல்லாம் அரைத்து, தலைமுதல் கால்வரை வெள்ளையாகி, மெஷினை நிறுத்திவிட்டார்.

"பாப்பாவுக்கு இன்டர்வியூ, அப்பறமா வாங்க" என்று வந்தவர்களையெல்லாம் பெருமையாகத் திருப்பி அனுப்பினார்.

பதினொன்றரை ஆகியும் திரையில் யாரும் வரவில்லை. வாசலில் ஒரு அக்கா மிளகாய் மூட்டையோடு நின்றாள்.

"மவளுக்கு வளைகாப்புண்ணே. கரண்டு போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"அரைங்கப்பா. இனிமே எங்க வரப் போறாங்க" என்றேன், வெறுத்துப்போய்.

மெஷின் ஓடத் தொடங்கிய சற்று நேரத்தில் திரையில் ஒரு சார் தோன்றினார்.

"சாரிம்மா, லேட்டாயிடுச்சு. உங்களப் பத்திச் சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். நெடி உள்ளே போனது. தும்மல், இருமல், கண்ணிலும் மூக்கிலும் ஒரே வெள்ளம்.

"ஏம்மா அழறீங்க?"

"அப்பா... சார்... அப்பா..." மிளகாய் அரைக்கிறார் என்று முடிக்க மூச்சு இல்லை.

அவர் முகம் மாறியது. "ஐயோ! எப்ப?"

"இப்பதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மெஷின் இரைச்சலில் அடுத்த கேள்வியில் 'எங்க' மட்டும்தான் காதில் விழுந்தது. அப்பா எங்கே என்கிறார்போல என்று பின்னால் கையைக் காட்டினேன். (அவர் கேட்டது "பாடி எங்கம்மா இருக்கு?" என்பது பிறகுதான் உறைத்தது.)

தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அப்பா ஓடிவந்தார். என் தோளுக்கு மேலே குனிந்து, வெள்ளை முகம், வெள்ளைப் புருவம், வெள்ளை மீசையோடு கேமராவுக்குள் எட்டிப்பார்த்தார்.

"வணக்கம் சார். நான்தான் அவுங்கப்பா."

சார் எழுந்ததில் நாற்காலி சாய்ந்தது. திரை இருண்டது. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் கரண்ட் போகவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

விளக்கி மெயில் அனுப்பினேன். 'என் அப்பா உயிரோடுதான் இருக்கிறார்' என்று தொடங்குகிற மெயிலுக்கு எந்தக் கம்பெனி பதில் போடும்?

அன்று மில்லின் பின்பக்கம் போய் நிஜமாகவே அழுதேன். அப்பா தண்ணீர்ச் செம்போடு வந்தார்.

"மெஷின நிறுத்திட்டனே பாப்பா, இன்னுமா எரியுது?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதன்பிறகு எந்த நெட் வேலையும் அமையவில்லை. இன்று மில்லை ஓட்டுவது நான். அப்பா வீட்டோடு இருக்கிறார். மதியம் சாப்பிட்டாயா என்று தினமும் போன் செய்வார். அந்த இன்டர்வியூ கதையை நான் முழுசாகச் சொன்ன நாளிலிருந்து ஹலோ சொல்கிற வழக்கமே கிடையாது.

"மேலேர்ந்து பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.