ஏழாவது மாடி ஜன்னல்

“சுவரை மிதிக்கறீங்கம்மா,” என்றார் கட்டுமான நிறுவனத்தின் மகிழ்ச்சி அலுவலர்.

அவள் குனிந்து பார்த்தாள். செருப்புக்கு அடியில் ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. காலை எடுத்தபோது ஒரு செருப்பு அகலத்துக்குச் சுவர் அழிந்திருந்தது. அலுவலர் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, குந்தி உட்கார்ந்து, சேதமான பகுதியைச் செப்பனிட்டார்.

அவளுடைய கணவன் அவரிடம் மன்னிப்புக் கேட்டான். எடையளவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர் அவன். மன்னிப்புக் கேட்பதிலும் கேட்கவைப்பதிலும் நல்ல அனுபவம் உண்டு. பிறகு மனைவியின் கையைப் பிடித்துச் சுற்றி அழைத்துப்போய், கோடு விட்டுப்போயிருந்த ஓர் இடத்தின் வழியாக உள்ளே நுழைந்தான். அதுதான் வாசல். செருப்பை வெளியே விட்டார்கள்.

இவர்கள் பதிவு செய்திருந்தது ஏழாவது மாடியில் ஒரு வீடு. கட்டடம் மூன்றாவது மாடிவரைதான் வந்திருந்தது. ஆனால் குடியேறுமுன் வீட்டைச் சுற்றிக்காட்டும் நாளை ஒப்பந்தம் போட்டபோதே குறித்துக் கொடுத்திருந்தார்கள். கட்டடம் தாமதமாகலாம், சுற்றிக்காட்டுவது தாமதமாகக் கூடாது என்பது நிறுவனத்தின் கொள்கை. ஆகவே மூன்றாவது மாடியின் மொட்டைத் தளத்தில் ஏழாவது மாடி முழுவதையும் அளவு பிசகாமல் சாக்பீஸால் வரைந்து, உரியவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. நாலு பக்கமும் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. அவற்றைப் பார்க்க வேண்டாம் என்று அலுவலர் கேட்டுக்கொண்டார். அவை கீழ்மாடியைச் சேர்ந்தவை.

கூடத்தின் விசாலத்தை அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு கொத்தனார் சிமெண்டுச் சட்டியோடு தெற்குச் சுவர் வழியாக வந்து வடக்குச் சுவர் வழியாகப் போனார். கணவனுக்குச் சுரீரென்றது. “யோவ், வாசல் எதுக்கு இருக்கு?” என்று கேட்டான். அலுவலர்தான் சமாதானப்படுத்தினார். வீடு ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகக் கருதப்படுவது வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே. தொழிலாளர்களைப் பொறுத்தவரை சுவர் இன்னும் கட்டப்படவில்லை. கணவன் இதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். அவனுடைய அலுவலகத்திலேயே இவ்வளவு தெளிவான விதி கிடையாது.

அவள் அதற்குள் சமையலறைக்குப் போயிருந்தாள். நான்கு மூலையையும் பார்த்தாள். நான்கு பக்கமும் கோடு முழுசாக ஓடியது.

“ஜன்னல் எங்கே?”

“எந்த ஜன்னல்ம்மா?”

“விளம்பரப் படத்துல அடுப்புக்கு நேரா இருந்துச்சே.”

“அது படத்துக்கு வெளிச்சம் வேணும்னு வெச்சதும்மா.”

இப்போதெல்லாம் நாகரிகமான வீடுகளில் சமையலறைக்கு ஜன்னல் வைப்பதில்லை என்று அவர் பணிவோடு எடுத்துச் சொன்னார். ஜன்னல் என்பது வெளியே எட்டிப் பார்ப்பதற்கு. எட்டிப் பார்க்கிறவர்கள் வீட்டுக்குள்ளே நிறைவில்லாதவர்கள். அந்தக் குறையை வாடிக்கையாளர்கள்மேல் சுமத்த நிறுவனம் விரும்பவில்லை.

அவளுக்கு எட்டிப் பார்ப்பதில் ஆசை ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். விடிந்ததிலிருந்து பத்து மணிவரை அடுப்படிதான். இப்போது வாடகைக்கு இருக்கும் வீட்டின் சமையலறை தீப்பெட்டிபோல. போன மாதம் இருமலுக்கு மருந்து வாங்கப் போனபோது, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். இந்த வீட்டை வேண்டும் என்று சொன்னதே அந்தப் படத்தில் இருந்த ஜன்னலைப் பார்த்துத்தான்.

“ஜன்னல் வெச்சுக் குடுங்க. இல்லேன்னா நான் சிரிக்க மாட்டேன்,” என்றாள்.

அலுவலரின் முகம் மாறியது. கையெழுத்து வாங்கும் பழங்கால வழக்கத்தை நிறுவனம் கைவிட்டிருந்தது. கையெழுத்தை மனமில்லாமலும் போடலாம். அதற்குப் பதிலாக முகமலர்ச்சி ஒப்புதல் என்று ஒரு முறை வந்திருந்தது. ஆளுயர அட்டைச் சாவியைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு சிரித்தால் புகைப்படக்காரர் படம் எடுப்பார். படத்தில் எல்லோருக்கும் பல் தெரிந்தால் வீட்டை அப்படியே ஏற்றுக்கொண்டதாகப் பொருள். பிறகு ஒரு செங்கல்லைக்கூட மாற்றக் கேட்க முடியாது. சிரிக்காவிட்டால் வீடு காத்திருப்போர் வரிசையில் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அந்தக் குடும்பம் கீழே காவலாளியின் கொட்டகையில் காலையிலிருந்து சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தது.

கணவன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். தனியாக என்றால் படுக்கையறைக்கு. கதவைச் சாத்திவிட்டு, இப்போதைக்குச் சிரித்து வை, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அப்புறம் என்றால் எப்போது என்று கேட்டாள்.

“சுவர் கட்டின பிறகு இடிச்சுக்கலாம்.”

“கட்டாத சுவர்லயே ஒரு ஓட்டை போட முடியல. கட்டின சுவரை நீங்க இடிக்கப் போறீங்களாக்கும்.”

ஓரடி தள்ளி நின்ற அலுவலர் எதுவும் காதில் விழாதவராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் சந்து விட்டிருந்தார்கள். சந்துக்கு அந்தப்பக்கம் ஓய்வுபெற்ற மேலதிகாரி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போன வாரமே சிரித்து ஒப்புதல் கொடுத்தவர். அன்றிலிருந்து தினமும் வந்துவிடுகிறார். குடியிருப்போர் சங்கம் ஒன்று ஆரம்பித்து, தன்னையே செயலாளராகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்து, தன் வாசல் வழியாக வெளியே வந்து, நடையில் நடந்து, இவர்கள் வாசலில் நின்று, “டிங் டாங்” என்றார். கணவன் போய்க் கதவைத் திறந்தான்.

“சத்தத்தைப் பத்திப் பேச வரல,” என்றார் செயலாளர். “ஜன்னல்னு காதுல விழுந்துது. அங்க ஜன்னல் வெச்சா என் படுக்கையறை தெரியும்.”

“இப்பவே தெரியுதே சார்,” என்றாள் அவள்.

“அதெப்படிம்மா தெரியும்? நடுவுல சுவர் இருக்கே.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். அவன் செயலாளர் சொன்னதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுப்பைப் பற்றவைத்தாள். சட்டியை ஏற்றி எண்ணெயை விட்டு, வெங்காயத்தை அள்ளிப் போட்டாள். மிளகாயைக் கிள்ளிப் போட்டாள். வதக்க ஆரம்பித்தாள். வெறும் தளத்தின்மேல் வெறும் கையால் வதக்கினாள். கொஞ்ச நேரத்தில் இரும ஆரம்பித்தாள்.

கணவனுக்கு அந்த இருமல் நன்றாகத் தெரியும். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். செயலாளர் ஒருமுறை தும்மினார். “புகை என் வீட்டு நடைக்கு வருது,” என்றார்.

“வேற எங்க சார் போகும்? ஜன்னல் இல்லையே,” என்றாள் அவள் உள்ளேயிருந்து. “தினம் விடிகாலையில இதுதான். உங்க வாசல் வழியாத்தான் போயாகணும்.”

செயலாளர் யோசித்தார். விடிகாலை அவர் பேப்பர் படிக்கும் நேரம். சங்கத்தின் ஆட்சேபணையைச் சங்கமே அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கியது.

அலுவலர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு போனில் தலைமைப் பொறியாளரை அழைத்தார். பொறியாளர் வந்தார். சமையலறைக் கதவைத் தட்டித் திறந்து உள்ளே போனவர், போன வேகத்தில் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

“இந்தப் புகையில மனுஷன் நிக்க முடியுமாய்யா?” என்று அலுவலரைக் கடிந்துகொண்டார். “இத்தனை மாடி கட்டியிருக்கேன். எனக்கே மூச்சு முட்டுது.”

மேலிடத்தில் பேசினார். மேலிடம் அதற்கும் மேலிடத்தில் பேசியது. கடைசியில், மேற்படி குடியிருப்பின் மேற்படி சமையலறைக்கு, இதை ஒரு முன்னுதாரணமாகக் கொள்ளலாகாது என்ற நிபந்தனையின் பேரில், இரட்டைக் கதவு ஜன்னல் ஒன்று கருணை அடிப்படையில் அனுமதிக்கப்பட்டது. பொறியாளர் கைக்குட்டையால் கோட்டை மூன்றடி நீளத்துக்குத் துடைத்தார். இரண்டு பக்கமும் சாக்பீஸால் சின்னதாகக் குறுக்குக்கோடு போட்டார்.

“திறந்து பாருங்கம்மா.”

அவள் திறந்தாள். உண்மையிலேயே ஒரு காற்று வந்தது. கணவனின் முன்மயிர் அசைந்தது. செயலாளர் மூக்கை இரண்டு தடவை உறிஞ்சிப் பார்த்து, இப்போது தேவலை என்றார். பொறியாளர் தன் வாழ்நாளில் வைத்த ஜன்னல்களிலேயே இதற்குத்தான் பலன் உடனடியாகத் தெரிந்தது என்று அலுவலரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அவளால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். புகைப்படக்காரர் தயாராக நின்றிருந்தார். அட்டைச் சாவியைக் கணவனின் கையில் திணித்து, படமெடுத்து, சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எல்லாப் பல்லும் தெரிவதாக அலுவலர் உறுதி செய்தார். கீழே இருந்த குடும்பத்திடம், இனிமேல் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆள் விட்டுச் சொல்லச் சொன்னார்.

முதல் தூறல் விழுந்தது. புகைப்படக்காரர் கருவியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு ஓடினார். அலுவலர் சாவியைத் தலைக்குமேல் பிடித்தபடி வாசல் வழியாக வெளியேறி, படிக்கட்டில் இறங்கினார். கொத்தனார் சிமெண்டு மூட்டைகளின்மேல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, நாலு சுவரைத் தாண்டிப் போய்விட்டார். மழை வலுத்தது.

செயலாளர் தன் வீட்டில் நாற்காலியைவிட்டு அசையவில்லை. பேப்பர் மடியில் கூழாகிக்கொண்டிருந்தது.

“உங்க பக்கம் எங்கயாவது ஒழுகுதா?” என்று சத்தமாகக் கேட்டார்.

கணவன் கூடத்தின் நடுவில் நின்றபடி அண்ணாந்து பார்த்தான். தண்ணீர் நெற்றி வழியாகக் காதுக்குள் இறங்கியது.

“இதுவரைக்கும் இல்ல சார். நல்ல வேலைப்பாடு.”

கோடுகள் பால்போலக் கரைந்து தளத்தின் சரிவில் ஓடின. அவள் சமையலறைக்குப் போனாள். ஜன்னல் இருந்த இடத்தில் நின்று, கையை வெளியே நீட்டி, இரண்டு கதவுகளையும் உள்ளே இழுத்துச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.