பூட்டிய வீட்டு ரீடிங்

அன்பு மகள் குட்டிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும், ஷெட்டில் உன் சிவப்புக் காரும் இருக்கிற நிலையில் இருக்கிறோம். எனக்குச் சர்க்கரை ஏறாமல் நிற்கிறது, அதற்கு பேட்டரி ஏறாமல் நிற்கிறது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாமல் இருக்கிறாய் என்று நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனில் பேசுகிற மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ "எவ்வளவுப்பா காட்டுது?" என்பாய். நான் "பதினொண்ணு புள்ளி ஏழு" என்பேன். நீ "ம்ம், சரிப்பா, நாளைக்குப் பாக்கலாம்" என்பாய். இதற்கு நடுவில் நான் எங்கே புகுந்து பேசுவது? அதனால்தான் தாளை எடுத்தேன்.

விஷயம் இதுதான். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியை வாங்க ஒருவர் வருகிறார், அதற்குள் வண்டியின் திருட்டு அலாரத்தைச் சரிபண்ணி, பதிவுப் புத்தகத்தையும் தேடி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தாய். இரண்டும் ஆகிற காரியமாகத் தெரியவில்லை. அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. ஏன் என்று முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் "சரிப்பா" சொல்லாமல் படி.

போன லீவு முடிந்து நீ விமானம் ஏறின மூன்றாம் நாளே அது தன் வேலையைக் காட்டிவிட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன், முதல் கவளம் வாய்க்குப் போகவில்லை, ஷெட்டில் கத்த ஆரம்பித்தது பார், கையை உதறிக்கொண்டு ஓடி ரிமோட்டை அமுக்கினால் ரிமோட்டில் உயிர் இல்லை, சாவி போட்டுக் கதவைத் திறந்தால் இன்னும் கத்துகிறது, நீ போனில் சொன்னபடி பேட்டரி வயரைக் கழற்றினேன், கழற்றினதும் முன்னை விட உரக்கக் கத்துகிறது! சைரனுக்குள்ளேயே தனியாக ஒரு பேட்டரி இருக்கும் என்று நீ நிதானமாக மறுநாள் சொல்கிறாய். எனக்கென்னம்மா தெரியும்? ஸ்பேனரால் அதைப் பிடுங்கி, உன் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரில் சுற்றி, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம். அது அழுது அழுது களைத்துக் கடைசியில் கம்மின குரலில் இரண்டு விக்கல் விக்கி ஓய்ந்தது. கைக்குழந்தையில் நீயாவது பால் பாட்டிலைப் பார்த்தால் நிறுத்துவாய்.

அதோடு போயிற்றா? சைரனையும் வயரையும் திரும்ப மாட்டினதும், நாளுக்கொரு தரம் கத்துவதோடு, ஒரு பக்கத்து விளக்கு மட்டும் எழுந்து எழுந்து படுக்க ஆரம்பித்தது. பானெட்டுக்குள்ளிருந்து விளக்கு எழும்புகிற வண்டியை வாங்காதே, கண்ணு இருந்தால் மூஞ்சியிலே இருக்கணும் என்று அன்றைக்கே சொன்னேன். எதிர்வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மா கேட்டைத் தட்டினார்கள்.

"சார், உங்க கார் என்னப் பாத்துக் கண்ணடிக்குது."

"அது ஒயரிங் கோளாறு, டீச்சர்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சிரித்தார்களா முறைத்தார்களா என்று இன்னும் தெரியவில்லை.

சரி, தெரிந்தவனிடம் விடுவோம் என்று முக்குக் கடை ஆட்டோ எலக்ட்ரீஷியனை அழைத்து வந்தேன். அந்த ஆள் வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டேதான் வேலை செய்வார், என்ன கேட்டாலும் "ஊ", "ஆ" என்றுதான் பதில் வரும். அரைமணி நேரம் "ஊ ஊ" என்று தலையாட்டிவிட்டு டார்ச்சை வெளியே எடுத்தார். "சார் முன்னாடி எங்க வேல பாத்தீங்க?" என்றார். நான் சும்மா இருக்கக் கூடாதா? "கரண்ட் ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம்" என்றேன். "அட, அப்புறம் என்ன சார், உங்களுக்குத் தெரியாததா? எங்கயோ எர்த் சரியில்ல, நீங்களே பாத்துருவீங்க!" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போயே போய்விட்டார்.

முப்பத்தோரு வருஷமும் நான் வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடுகிற நம்பரைப் பார்த்து எழுதினவன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? ஃபியூஸ் போனால்கூட உன் அம்மாதான் ஸ்டூல் போட்டு ஏறுவாள், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்த தொழில் ரகசியமே ஒன்றே ஒன்றுதான்: வீடு பூட்டியிருந்தால் திரும்ப வரக் கால் வலிக்கும், அதனால் போன மாத ரீடிங்கைப் பார்த்து, அதே அளவு ஓடியிருக்கும் என்று உத்தேசமாக ஒன்றை எழுதி, ஓரத்தில் 'பூட்டிய வீடு' என்று குறித்துவிட்டு வந்துவிடுவோம். ஒரு தடவை, இடித்துத் தரைமட்டமாகி மூன்று மாதமான வீட்டுக்கு மாதாமாதம் ரீடிங் எழுதி மேலதிகாரியிடம் மாட்டிக்கொண்டேன். "காத்துக்குக் கரண்ட் சப்ளையாய்யா?" என்று கேட்டார். அந்தக் கதையைச் சொல்லி உன் அம்மா கடைசி வரைக்கும் சிரித்தாள்.

அப்புறம்தான் நீ பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்க மல்டிமீட்டர் வாங்கச் சொன்னாய், பன்னிரண்டரைக்கு மேல் காட்டினால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றாய். அது ஒன்றுதான் எனக்குக் கைவந்த வேலை, நம்பரைப் படிப்பது. பழைய பழக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்து, சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு பானெட்டைத் தூக்கி ரீடிங் எடுத்து, ஆறு மணிக்கு நீ கூப்பிடும்போது வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சொல்கிறேன். உனக்குத்தான் தெரியுமே, இரண்டே இரண்டு சீட். ஒன்றில் நான், பக்கத்துச் சீட்டில் ஸ்பீக்கரைப் போட்டு போனை வைத்துவிடுவேன். உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எங்கேயோ போகிற மாதிரிதான் இருக்கும், வண்டி மட்டும் நகராது.

முன்னெல்லாம் மாதம் ஒரு தடவை கூப்பிடுவாய், அதுவும் "எப்படிப்பா இருக்கீங்க", "இருக்கேம்மா", முடிந்தது. குறை சொல்லவில்லை, உனக்கு அங்கே நிற்க நேரமில்லை என்று எனக்குத் தெரியாதா? அதனால் தினமும் கூப்பிட்டுச் சிரமப்படாதே என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வண்டி விடமாட்டேன் என்கிறது. தினம் இரண்டு புள்ளியாக இறங்கிக்கொண்டே வருகிறது. நேற்றுகூட நீ, "என்னப்பா, தெனமும் கரெக்டா ரெண்டு புள்ளி கொறையுது, பேட்டரிக்கு இவ்ளோ ஒழுக்கமா?" என்று கேட்டாய். சில பேட்டரி அப்படித்தான், வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

ஆகவே இதைக் குணப்படுத்த இன்னும் பல மாதம் ஆகும். இந்த நிலையில் ஒருவர் தலையில் கட்டுவது பாவம். பதிவுப் புத்தகமும் பீரோ, பரண், அரிசி டின் எல்லாம் பார்த்துவிட்டேன், அகப்படவில்லை. எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, தனியாக இருக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டு வருத்தப்படாதே, பொழுது நன்றாகவே போகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். எந்த ஊரில் எந்த வண்டியில் ஏறினாலும் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக இறங்க என் ஆசீர்வாதம் முன் சீட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறையைப் பிரித்ததுமே முதலில் பதிவுப் புத்தகம்தான் உன் மடியில் விழுந்திருக்கும். பீரோவில் வைத்த இடத்திலேயே இருந்தது. இனி மறைத்துப் பயனில்லை. பதினோரு நாளைக்கு முன்னாலேயே வண்டி சரியாகிவிட்டதம்மா. பேட்டரிக்குப் பின்னால் எர்த் வயர் போல்ட்டில் துருப் பிடித்திருந்தது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன், அலாரத்தைக் கத்தவைத்த பானெட் சுவிட்சையும் மாற்றினேன், நானேதான் செய்தேன்! இரண்டு கண்ணும் ஒன்றாக எழுந்தது. கைதட்ட ஆள் இல்லை, அதனால் நானே நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டேன். அன்று ஆறு மணிக்குச் சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் மறுநாள் நீ எதற்குக் கூப்பிடப் போகிறாய் என்று தோன்றியது, வாய் பதினொன்று புள்ளி ஒன்பது என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து நான் சொன்னதெல்லாம் பூட்டிய வீட்டு ரீடிங். நோட்டில் ஓரத்தில் அப்படியே குறித்தும் வைத்திருக்கிறேன். நேற்று டீச்சரம்மா கேட்டில் நின்று, "என்ன சார், சத்தத்தையே காணோம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். வண்டியைக் கேட்கிறார்களா என்னைக் கேட்கிறார்களா என்று புரியாமல் "ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்" என்றேன்.

வாங்குகிறவரை வரச் சொல். நல்ல வண்டி, தாராளமாகக் கொடுக்கலாம். ஆறு மணிக்கு ரீடிங் எதுவும் இருக்காது. சும்மா கூப்பிட்டாலும் எடுப்பேன்.

இன்று சாயங்காலம்: 12.6. வீடு திறந்திருந்தது. நேரில் பார்த்து எழுதியது.