ஃபேஸும் ஃபேஸும் தொட்டால் ஃப்யூஸ் போகும்

மனித மூளைக்குள் கரண்ட் ஓடுகிறது என்பதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவர், குன்னூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட் டீ ஃபேக்டரியில் எலக்ட்ரீசியனாக இருந்த டெஸ்டர்தான். பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் அவருக்கு அப்புறம்தான்.

சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் வைத்திருப்பார். அதுவே பெயராகிவிட்டது. இரண்டு பேர் நின்று பேசினால் போதும், மெல்லப் பின்னால் வந்து காது மடலில் அதன் முனையை வைத்து, பல்பு எரிகிறதா என்று பார்ப்பார். ஒரு நாளும் எரிந்ததில்லை. ஆனாலும் "லேசா மினுக்குச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். ஒரு நாள் ஃபேக்டரியையே கட்டி மேய்க்கிற டீமேக்கர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தபோது அவர் காதிலும் வைத்துவிட்டார். அன்றைக்கு எரிந்தது பல்பு இல்லை, டீமேக்கர்.

கரண்ட் வருகிற ஒயருக்கு ஃபேஸ் என்று பெயர். இங்கிலீஷில் முகத்துக்கும் ஃபேஸ். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஃபேஸும் ஃபேஸும் நேராகத் தொட்டால் வெடிக்கும், நடுவில் ஒரு நியூட்ரல் வேண்டும் என்பார். பக்கத்து லயத்து வீட்டில் பெண் பார்க்க வந்தபோது, சம்பந்திகள் இருவருக்கும் நடுவில் போய் நியூட்ரலாக உட்கார்ந்து, இரண்டு பேருடைய கேசரியையும் அவரே சாப்பிட்டார். கல்யாணம் என்னவோ சண்டையில்லாமல் நடந்தது.

என் வீட்டுக்காரிக்கு அவர் கொடுத்த சர்டிபிகேட் த்ரீ ஃபேஸ். எதிரே ஒரு முகம் வந்தால்தான் அவளுக்கு மூளையே ஓடுமாம், ஆளில்லாவிட்டால் மங்கிவிடுவாளாம். அவளுக்கு ஒரே பெருமை.

எனக்கா? "நீங்க ட்ரிப் ஆகற கேஸுங்க. தனியா இருந்தா நல்லா ஓடும். எதிர்ல ஒரு மூஞ்சி வந்துட்டா ஆஃப்."

பொய்யில்லை. லீவு கேட்கப் போய், கேட்காமலே கும்பிட்டுவிட்டுத் திரும்பிய ஆள் நான்.

தேயிலை விலை பாதாளத்துக்குப் போன சமயம். ஃபேக்டரியில் இருந்த இரண்டு டிரையரில் ஒன்றை நிறுத்தினார்கள். டிரையர் பார்த்த எங்கள் மூன்று பேரில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். யாரை என்று முடிவு செய்ய, மேனேஜர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஃபேஸ் டு ஃபேஸ் பேசப் போவதாகச் சொன்னார்கள். மற்ற இருவரும் டிரையரே இல்லாமல் வாயாலேயே இலை காயவைக்கிறவர்கள். என் கதை முடிந்தது என்று மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன்.

டெஸ்டர் என்னைத் தேடி வந்தார். "ஏனுங்க, கோயில்ல அம்மன்கிட்ட அரை மணி நேரம் பேசறீங்களே, அங்க ட்ரிப் ஆகறதில்லீங்களா?"

"அங்க கண்ணை மூடிக்குவேனுங்க."

"அப்படீங்களா" என்றார். போய்விட்டார்.

மறுநாள் என் முறை. மழை மேகம் இறங்கி, மத்தியானமே ஆபீசில் விளக்குப் போட்டிருந்தார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் மேனேஜர் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "சொல்லுய்யா, உன்னை எதுக்கு வெச்சுக்கணும்?" என்றார். என் பெயரே எனக்கு மறந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து லைட் போனது.

முகம் மறைந்தது. கர்ப்பக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. வாய் தானாகத் திறந்தது. எந்த இலைக்கு எவ்வளவு சூடு, பழைய டிரையர் எப்போது மக்கர் பண்ணும், வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எல்லாம் சொன்னேன். மேனேஜர் 'ம்' கொட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் அவர் சூட்டைக் கூட்டச் சொல்லி நாலு மூட்டைத் தூள் தீய்ந்துபோனது தப்பு என்றுகூடச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். யாரோ புண்ணியவான் ஃப்யூஸைத் திரும்ப மாட்டிவிட்டார். லைட் வந்தது. முகமும் வந்தது. பாதி வார்த்தையில் வாய் மூடிக்கொண்டது.

மேனேஜர் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து கதவைத் திறந்து, ஃப்யூஸ் பெட்டிப் பக்கம் குரல் கொடுத்தார். "யோவ் எலக்ட்ரீசியன், அதை மறுபடியும் புடுங்குய்யா. இந்த ஆளு இன்னும் முடிக்கல."

என் வேலை தப்பித்தது. வெளியே போனவருக்கு ஊட்டி காய்கறி மண்டியில் வேலை கிடைத்தது என்று கேட்ட பிறகுதான் மனசு ஆறியது. அடுத்த வருஷம் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. டெஸ்டர் திருப்பூருக்கு இறங்கிப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு வீட்டில் எல்லோர் பெயரும் சொல்லிவிட்டு, கடைசியில் "டெஸ்டர்" என்பேன். இது என்ன பெயர், நட்சத்திரம் என்ன என்று பூசாரி ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"தெரியாதுங்க. அம்மனுக்கு ஆளைத் தெரியும், நீங்க சொல்லுங்க."